கடிதம் போய்ச் சேர முன்னமே தொடங்கின சண்டை

கலாத்தியருக்கு எழுதின கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு சங்கடமான காட்சி இருக்கிறது. அந்தியோக்கியாவில் பேதுருவை எல்லாருக்கும் முன்னால் வைத்துப் பவுல் கண்டிக்கிறார். யூதரல்லாதவர்களோடு ஒன்றாக இருந்து சாப்பிட்ட பேதுரு, யாக்கோபின் ஆக்கள் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார் என்பதுதான் குற்றச்சாட்டு. தூண்கள் எண்டு சொல்லப்பட்டவர்களே இப்படி முட்டிக்கொண்டால் மற்றவர்கள் என்ன செய்யிறது?

பெத்லகேமில் இருந்த ஜெரோம், 386 - 387 அளவில் எழுதிய உரையில் இதற்கு ஒரு வழி கண்டார். அது உண்மையான சண்டையே இல்லை, பார்த்தவர்கள் திருந்துவதற்காக இரண்டுபேரும் சேர்ந்து நடித்தது என்றார். அவருக்கு முன்னமே ஒரிகேன் சொன்ன விளக்கம்தான்.

வட ஆபிரிக்காவின் ஹிப்போவில் இருந்த அகுஸ்தீனுக்கு இது பொறுக்கவில்லை. வேதத்தில் ஓரிடத்தில் நல்ல நோக்கத்துக்காகப் பொய் இருக்கிறதென்று ஒத்துக்கொண்டால், பிறகு எந்த வசனத்தை நம்புவது? 395 அளவில் இதை ஜெரோமுக்கு எழுதினார். கொண்டுபோக இருந்தவர் ஆயராகத் தெரிவுசெய்யப்பட்டு, கொஞ்சக் காலத்தில் இறந்தும்போனார். கடிதம் போகவில்லை. சில வருடம் கழித்து இன்னொன்று எழுதினார், முந்தினதைவிடக் காரமாக. ஜெரோம் தன் கருத்தை வாபஸ் வாங்கவேண்டும் என்றே கேட்டார். அதுவும் நேரே போகவில்லை. இத்தாலியில் பிரதி பிரதியாகச் சுற்றியது. அத்ரியாத்திக் தீவொன்றில் கண்டெடுத்த ஒரு பிரதி மூலம்தான் ஜெரோமுக்கு விசயம் தெரியவந்தது. இன்றைக்கு ஸ்கிரீன்ஷொட் வழியாகத் தெரிய வருகிற மாதிரி.

கிழவனுக்குக் கோபம் வராமல் இருக்குமோ? உன் கையெழுத்தில்லாத கடிதத்துக்கு நான் ஏன் பதில் எழுதவேண்டும், இது உன்னுடையதா என்று முதலில் சொல் என்று எழுதினார். என்னைக் கீழே தள்ளிப் பேர் எடுக்கப் பார்க்கிறாய் என்ற சந்தேகமும் வரிகளுக்கிடையில் தெரியும்.

இடையில் இன்னொரு கூத்து. ஜெரோமின் புது மொழிபெயர்ப்பை ஓயா நகர ஆலயத்தில் வாசித்தபோது, யோனாவுக்கு நிழல் தந்த செடி வேறு பேரில் வந்ததால் சனம் குழம்பிவிட்டது. பழைய மொழிபெயர்ப்பில் சுரைக்கொடி, ஜெரோமில் ஐவி. சபையை இழக்கப் பயந்து ஆயர் திருத்தவேண்டியதாயிற்று. அகுஸ்தீன் இதையும் எழுதி அனுப்பினார்! (எங்கட பழைய தமிழ் வேதாகமத்தில் அது ஆமணக்கு.)

ஆனால் இரண்டுபேரும் கதைப்பதை நிறுத்தவில்லை. ஜெரோமும் அவரின் பழைய சிநேகிதர் ருஃபினுசும் பகிரங்கமாகப் பகைத்துக்கொண்டதைக் கேள்விப்பட்டு அகுஸ்தீன் பதறிப்போயிருந்தார். தன் கடிதம் புண்படுத்தியிருந்தால் மன்னிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டவர் வாதத்தை விடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. 404இல் ஜெரோம் நீண்ட பதில் எழுத, 405இல் அகுஸ்தீன் அதே கேள்வியை மறுபடி விரிவாக எடுத்தார். அதே கடிதத்தில், பதவியால் ஆயர் பெரியவராக இருக்கலாம், ஆனால் பல விசயங்களில் குருவான ஜெரோமைவிடத் தான் சிறியவன் என்றும் எழுதினார்.

ஜெரோம் தோல்வியை எங்கேயும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் 415 அளவில் பெலாகியருக்கு எதிராக எழுதிய உரையாடலில், பேதுருவும் கண்டிக்கத்தக்கவராக இருந்தார் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். அகுஸ்தீன் அதைக் கவனித்து, வேறொருவருக்கு எழுதிய கடிதத்தில் குறித்துவைத்தார்.