குளிர்பானப் புட்டியின் இரண்டாவது வேலை

குடித்து முடித்ததும் குப்பைக்குப் போவதுதான் அரை லிட்டர் குளிர்பானப் புட்டியின் விதி. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் அது குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனது.

அதை அங்கே கொண்டுபோனது இன்ஹேலரின் ஒரு குறை. 1956இல் விற்பனைக்கு வந்த அந்தக் கைக்கருவி, அழுத்திய நொடியில் மருந்தைச் சீறியடிக்கும். அதே நொடியில் மூச்சை உள்ளிழுக்க வேண்டும். இழுப்பில் தவிக்கும் சிறு பிள்ளைக்கு அது எளிதில் கைவராது. மருந்தில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். நடுவே ஸ்பேசர் என்ற கூடு இருந்தால் மருந்து அதில் வேகம் தணிந்து மிதக்கும்; பிள்ளை தன் போக்கில் நாலைந்து முறை மூச்சிழுத்துக்கொள்ளலாம். ஆனால் கடை ஸ்பேசரை வாங்க ஏழைப் பெற்றோருக்குக் கட்டுப்படியாகாது.

புட்டிக்கு வேலை கிடைத்தது இங்கேதான். இன்ஹேலர் வாயின் வடிவில் கம்பியை வளைத்து, சூடேற்றி, புட்டியின் அடியில் அழுத்தினால் அளவான துளை விழும். அதில் இன்ஹேலரைச் செருகி, சுற்றிலும் பசையிட்டு அடைத்தால் ஸ்பேசர் தயார். பிள்ளை புட்டியின் வாயைக் கவ்வி மூச்சிழுக்கும்.

ரெட் கிராஸ் போர் நினைவுக் குழந்தைகள் மருத்துவமனையில் ஹெதர் சாரும் சக மருத்துவர்களும் இதைச் சோதித்தார்கள். முடிவு 1999இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. மூச்சிரைப்போடு வந்த 5 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்குக் கடை ஸ்பேசர், பசையிட்ட புட்டி, பசையிடாத புட்டி, தெர்மாகோல் கோப்பை என நான்கில் ஒன்றின் வழியே மருந்து போனது. முன்னும் பின்னும் நுரையீரலின் திறனை அளந்தார்கள். பசையிட்ட புட்டி கடை ஸ்பேசருக்குச் சமமாக நின்றது. பசையிடாதது பின்தங்கியது, கோப்பை கடைசி. ஆக, காற்று கசியாத பொருத்தமே முக்கியம்.

பிளாஸ்டிக் புட்டியிலேயே ஸ்பேசர் செய்துகொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் குழந்தை மருத்துவக் கையேடும் சொல்கிறது. வாயால் கவ்வத் தெரியாத சின்னக் குழந்தைக்கு மட்டும் முகமூடியும் வேண்டும்.

புட்டி தீர்த்தது ஒரு செலவைத்தான். இழுப்பு வராமல் காக்கும் தடுப்பு மருந்தை மாதக்கணக்கில் வாங்கியாக வேண்டும்; அது தீர்ந்த வீட்டில் கடை ஸ்பேசரும் புட்டியும் ஒன்றுதான்.