செயின் பிளாக்: வீட்டு கார் ஷெட்டில் பொருத்துதல்

பற்சக்கரங்களின் உதவியால் ஒரே ஆள் சங்கிலியை இழுத்துப் பெரும் பாரத்தைத் தூக்க உதவும் கருவி. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3832. ஊரப்பாக்கம் போன்ற புறநகர்த் தனிவீடுகளில் இதைக் கூரையின் மின்விசிறிக் கொக்கியில் மாட்டவே கூடாது. வீட்டுத் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பரவலான சுமைக்கே கணக்கிடப்படுகிறது. கார் எஞ்சினோ பெரும்பாலும் 100 கிலோவுக்கு மேல்; அத்தனையும் ஒரே புள்ளியில் தொங்கும். கட்டுமானப் பொறியாளர் கணக்கிட்ட இரும்பு ஐ-பீமை இரு தூண்கள்மேல் அமர்த்துவதே நம்பகமான வழி. கருவியின் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சாய்வாக இழுத்தால் பீம் முறுக்கிக்கொள்ளும். முதலில் ஒரு சாண் உயர்த்தி நிறுத்தி, போல்ட்டுகளையும் கொக்கியின் தாழ்ப்பாளையும் பார்க்க வேண்டும். மாமல்லபுரம், கோவளம் பக்கம் உப்புக்காற்றில் சங்கிலி விரைவில் துருப்பிடிக்கும். கண்ணி தேய்ந்திருந்தால் ஒட்டவைக்காமல் சங்கிலியையே மாற்ற வேண்டும். தொங்கும் பாரத்தின் கீழே யாரும் நிற்கக் கூடாது, குழந்தைகள் ஷெட்டுக்குள்ளேயே வரக் கூடாது.