கிளாலிக் கரையில் ஓர் அம்மானை

சென்ற வாரம் 1619-இல் நிறுத்தியிருந்தோம். யாழ்ப்பாண மன்னன் சங்கிலி குமாரன் சிறைப்பட்டான், நல்லூர் அரசு முடிந்தது, யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் கைக்குப் போனது. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடித்ததும் அவர்கள்தான். அவர்களோடு வந்த பிரான்சிஸ்கன் துறவிகளும் பின்னால் வந்த இயேசு சபைக் குருக்களும் ஊர் ஊராகத் தேவாலயம் கட்டினார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களில் அரசாங்கத்துக்குப் பயந்து பெற்றவர்கள் உண்டு, சலுகைக்காகப் பெற்றவர்களும் உண்டு. இதை மறைத்துவிட்டு மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு தலைமுறை கழிவதற்குள் அந்தக் கூட்டத்திலிருந்து பாட்டு எழுந்தது. பயந்தவன் கும்பிடுவான், நூற்றுக்கணக்கான அடிகளில் ஆசையோடு பாட அவனால் முடியுமா?

1647-இல் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் ‘சந்தியோகுமையோர் அம்மானை’ பாடினார். கிளாலிக் கோவிலில் எழுந்தருளியிருக்கும் புனித யாகப்பரே, அதாவது சந்தியோகுமையோரே, பாட்டுடைத் தலைவர். யாழ்ப்பாணக் கடல்நீரேரியை ஒட்டிய மணல் ஊர் கிளாலி. 1990-களின் போரில் சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரவுப் படகேறிய கரை என்றால் நம்மவர்களுக்கு உடனே விளங்கும். அதே கரையில்தான், அதற்கு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், ஸ்பெயினும் போர்த்துக்கலும் கொண்டாடிய அப்போஸ்தலர் தமிழ் அம்மானைக்குள் வந்து சேர்ந்தார்.

புலவர் ஏன் அம்மானையைத் தேர்ந்தார்? அந்நாளில் பூசை முழுவதும் லத்தீனில். பீடத்தில் சுவாமியார் சொல்வது சனத்துக்குப் பிடிபடாது. முழங்காலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். அம்மானையோ பெண்கள் காய் எறிந்து விளையாடிப் பாடிய பாட்டு. நீண்ட கதைகளையும் அதே ஓட்டத்தில் சொல்லிக்கொண்டு போகலாம். எழுத்தறியாதவர்க்கும் இரண்டு முறை கேட்டால் வாயில் ஏறிவிடும். கடவுள் முன்னால் வாய் திறந்து மகிழ இவர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. புலவர் அதைக் கொடுத்தார்.

இதே காலத்து ‘ஞானப்பள்ளு’ இன்னும் துணிச்சலானது. பள்ளு வயலில் பிறந்த இலக்கியம். மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் தத்தம் நாட்டின் பெருமை பேசி மல்லுக்கு நிற்பார்கள். ஞானப்பள்ளில் மூத்தவளுக்கு எருசலேம், இளையவளுக்கு உரோமாபுரி. இயேசுநாதரே பாட்டுடைத் தலைவர். மடுவும் மழையும் சேற்றுழவும் நாற்று நடுகையுமாய் இருந்த ஒரு வடிவத்துக்குள் வேதத்தைக் கொண்டுபோய் இறக்கிய அந்தப் புலவரின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. பாடியவர் மகிழ்ந்து பாடியிருக்கிறார் என்பதற்கு அந்தப் பாட்டே எனக்குப் போதுமான சாட்சி.

1658-இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று அந்த ஆண்டே கட்டளை பிறந்தது. கோவில்கள் சீர்திருத்தச் சபைக்குப் போயின, சுரூபங்கள் அகற்றப்பட்டன. குரு இல்லாமல் பூசை நடவாது. பாட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஓலையிலும் நெஞ்சிலும் இருந்ததை எந்தச் சிப்பாய் வந்து சோதனை போடுவான்?

1687-இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகள் பிச்சைக்காரக் கோலத்தில் வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வாசல் வாசலாக நின்றார். அதைப் பார்த்து எந்த வீட்டார் முகம் மாறுகிறது என்று கவனித்துத்தான் தம் மக்களைக் கண்டுபிடித்தார். சில்லாலை ஊரார் அவருக்கு அடைக்கலம் கொடுத்தார்கள். 1689 நத்தார் இரவில் ஒல்லாந்தச் சிப்பாய்கள் பூசைக்கு வீடுகளில் கூடியிருந்தவர்களைச் சுற்றிவளைத்தார்கள். அடிகள் தப்பினார், அகப்பட்டவர்கள் சவுக்கடியும் சிறையும் கண்டார்கள். பாலன் பிறப்பைக் கொண்டாடப் போனால் என்ன நேரும் என்று தெரிந்தே அந்த வீடுகளுக்குப் போனவர்கள் அவர்கள். 2015-இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் யோசேவாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்தபோது என் மனம் அந்தப் பெயர் தெரியாதவர்களிடமே போனது.

யோசேவாஸ் அடிகளுக்குப் பின் 1705-இல் வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், இவரும் கோவாக்காரர். சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்தார். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்படுவது. கிறிஸ்துவின் பாடுகளைப் படிக்கப் படிக்கக் கோவிலே விம்மும். இந்தப் பாட்டுகளின் ஆனந்தத்தைப் பற்றி எழுதும்போது அழுகைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஒளித்துப் பிடிபட்டு அடிபட்ட சனம், தங்களைப் போலவே நள்ளிரவில் பிடிபட்டு அடிபட்ட ஒருவரைத் தெய்வமாகக் கண்டது. தனியே அழுத அழுகை ஊரோடு சேர்ந்து இராகமாய் வெளிவந்தது. அதில் கிடைத்த ஆறுதல் இல்லாமல் உயிர்த்த ஞாயிற்றுக் கொண்டாட்டம் எங்கிருந்து வரும்?

1806-இல் ஆங்கில ஆட்சி கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியது. இங்கிலாந்துக் கத்தோலிக்கர்கள் அதற்காக 1829 வரை காத்திருக்க வேண்டியிருந்தது! ஒளித்திருந்த பாட்டு வெளிச்சத்துக்கு வந்தது. குருநகர், பாசையூர், நாவாந்துறைக் கடற்கரைகளில் கூத்துத் தழைத்தது. அண்ணாவியார் மாதக்கணக்கில் பழக்குவார். பகலில் தொழில், இரவில் ஒத்திகை. அரங்கேறும் இரவில் மத்தளமும் தாளமும் விடியும்வரை ஓயா. ‘எஸ்தாக்கியார்’, ‘ஞானசவுந்தரி’ கதைகளை வேதப்புத்தகம் தொடாத வீடுகளும் மனப்பாடமாய் அறிந்திருந்தன. உப்புக் காய்த்த கையோடு வந்து அரசனாகவும் வேதசாட்சியாகவும் நின்று பாடியவர்களுக்கு அதுவும் வழிபாடு.

அந்தக் கூத்து மரபைக் கையிலெடுத்து 1965-இல் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கினார் நீ. மரிய சேவியர் அடிகள். அவர் மேடையேற்றிய திருப்பாடுகளின் காட்சிகளில் சைவக் கலைஞர்களும் பங்கெடுத்தார்கள். போர் நடந்த ஆண்டுகளிலும் மன்றம் மூடப்படவில்லை. 1990-இல் ‘கலைமுகம்’ இதழையும் தொடங்கியது. 2021-இல் அவர் மறையும்வரை அந்த உழைப்பு நீடித்தது.

இந்தக் கதையில் ஒரு பெரிய பகுதியை வேண்டுமென்றே தாண்டி வந்திருக்கிறேன். 1816-இல் அமெரிக்க மிஷனரிமார் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் இறங்குகிறார்கள். பேதுருப் புலவரின் ஊரில் இப்போது வேறொரு சபை, வேறு இராகம். 1824-இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி. அந்தப் பிள்ளைகள் எதைப் பாடினார்கள், தஞ்சாவூர்க் கீர்த்தனைகள் கடல் தாண்டி அவர்கள் வாய்க்கு எப்படி வந்தன என்பது அடுத்த வாரம்.