அளவும் நேரமும்: வைட்டமின் டியும் தைராய்டு மருந்தும் கடந்து வந்த பாதை

நம் சமுதாய வீடுகள் பலவற்றில் இன்று இரு மாத்திரைகள் ஒரே டப்பாவில் இருக்கின்றன. ஒன்று, தைராய்டு குறைவுக்கான லெவோதைராக்ஸின். மற்றொன்று, எலும்பு வலிக்கும் சோர்வுக்குமென எழுதித் தரப்படும் வைட்டமின் டி. இவற்றை உட்கொள்வோரில் பெரும்பாலோர் நம் தாய்மாரும் சகோதரிகளுமே. இரண்டும் நல்ல மருந்துகள்தாம். ஆயினும் எந்த அளவில், எந்த நேரத்தில் என்னும் கேள்விக்கு விடை காண மனிதகுலம் நூறாண்டுக்கும் மேலாகப் பாடுபட்டது. அந்த வரலாற்றை அறிந்தவர் இம்மாத்திரைகளை அலட்சியமாகக் கையாள மாட்டார்.

பிள்ளைகளின் கால்கள் வளைந்து, எலும்பு மென்மையாகிப் போகும் ரிக்கெட்ஸ் என்னும் நோயை 1645இல் டேனியல் விஸ்லரும், 1650இல் பிரான்சிஸ் கிளிஸனும் நூல்களாக விவரித்தனர். இருவரும் ஆங்கிலேய மருத்துவர்கள். நோயை வருணிக்க முடிந்ததே தவிர, காரணம் புலப்படவில்லை. 1822இல் போலந்து அறிஞர் ஷ்னியாடெட்ஸ்கி, வார்சா நகரின் நெருக்கமான தெருக்களில் வளரும் பிள்ளைகளுக்கு வரும் இந்நோய் சுற்றுப்புறக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு வருவதில்லை எனக் கண்டு, வெயிலே இதற்கு மருந்து என எழுதினார். அவர் சொல்லை ஏற்பதற்கு மருத்துவ உலகம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டை எடுத்துக்கொண்டது.

1919ஆம் ஆண்டு இரு திசைகளிலிருந்து வெளிச்சம் வந்தது. இங்கிலாந்தில் எட்வர்டு மெல்லன்பி, நாய்க்குட்டிகளுக்கு உணவின் வழியே ரிக்கெட்ஸை உண்டாக்கி, காட் மீனின் ஈரல் எண்ணெயால் அதைத் தடுத்துக் காட்டினார். பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி, புற ஊதா விளக்கின் ஒளியைப் பாய்ச்சி நோயுற்ற பிள்ளைகளைக் குணப்படுத்தினார். எண்ணெய் செய்ததையே ஒளியும் செய்தது. 1922இல் அமெரிக்காவின் மெக்கொல்லம், அந்த எண்ணெயில் இருந்த காரணப் பொருளுக்கு வைட்டமின் டி எனப் பெயரிட்டார். வெயில் பட்டால் நம் தோலே இதனை உருவாக்கிக்கொள்கிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. இத்துறை ஆய்வுகளுக்காக 1928இல் ஜெர்மானியரான அடால்ஃப் விண்டாஸ் நோபல் பரிசு பெற்றார்.

மருந்து மலிவாகக் கிடைத்தவுடன் அளவு மறந்து போயிற்று. 1930களிலும் 1940களிலும் மூட்டு வாத நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 2 இலட்சம் யூனிட்டும் அதற்கு மேலும் கொடுக்கப்பட்டது. பலருக்கு இரத்தத்தில் கால்சியம் பெருகிச் சிறுநீரகம் பழுதுற்றது. 1950களில் பிரிட்டனில் குழந்தைகளின் பால் மாவு, தானிய உணவு, மீன் எண்ணெய் என எல்லாவற்றிலும் இச்சத்து சேர்ந்திருந்தது. அங்கே பச்சிளம் குழந்தைகள் பலருக்கு இரத்தக் கால்சியம் உயர்ந்தபோது இந்த மிகையின் மீது சந்தேகம் விழுந்தது. 1957இல் சேர்க்கப்படும் அளவு குறைக்கப்பட்டது. வைட்டமின் சி மிகுந்தால் சிறுநீரோடு வெளியேறிவிடும். வைட்டமின் டியோ கொழுப்பில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே அதன் மிகை மெல்ல வரும், மெல்லவே போகும்.

தைராய்டு மருந்தின் வரலாறும் இவ்வாறே. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரி, தைராய்டு செயலிழந்து உடல் வீங்கிச் சோர்ந்திருந்த 46 வயதுப் பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியே செலுத்தினார். அவர் நலம் பெற்று மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆயினும் ஒவ்வோர் ஆட்டின் சுரப்பியிலும் வீரியம் ஒன்றாக இருப்பதில்லை. குறைந்தால் பயனில்லை. மிகுந்தால் நெஞ்சு படபடக்கும், எடை கரையும். 1914ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று அமெரிக்காவின் எட்வர்டு கெண்டல் தைராக்ஸினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927க்குள் சார்லஸ் ஹாரிங்டன் அதன் அமைப்பைக் கண்டு, ஆய்வகத்தில் உருவாக்கியும் காட்டினார். இன்று மைக்ரோகிராம் கணக்கில் நாம் உண்ணும் மாத்திரை இந்த நீண்ட உழைப்பின் கனி.

இவ்வரலாற்றின் ஒரு பக்கம் நம் சமுதாயத்தைத் தொடுகிறது. 1962இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் குடியேறியிருந்த பாகிஸ்தானியக் குடும்பங்களில் ரிக்கெட்ஸும், பெரியவர்களின் எலும்பு மென்மை நோயும் இருப்பதை மருத்துவர்கள் வெளியிட்டனர். அந்த நகரில் குளிர்காலச் சூரியன் மிகத் தாழ்ந்திருப்பதால் தோலில் இச்சத்து உருவாவதில்லை. உணவுப் பழக்கமும் வீட்டுக்குள்ளேயே கழியும் வாழ்வும் அதனோடு சேர்ந்தன. 1970களின் இறுதியில் இலவசமாக வைட்டமின் டி வழங்கும் இயக்கம் தொடங்கியபின் பிள்ளைகளிடையே நோய் குறைந்தது. நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் நிழலிலேயே நாளைக் கழிப்போருக்குக் குறைபாடு வரவே செய்கிறது. ஹிஜாபைக் கைவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. வீட்டு முற்றத்திலோ மாடியிலோ மறைவாகச் சற்று வெயில் காயலாம். அது போதாதெனில் மருத்துவர் தரும் மாத்திரை இருக்கிறது.

இவ்விரு மருந்துகளும் ஒரே டப்பாவில் சந்திக்கும்போது எழும் சிக்கலை 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு தெளிவாக்கியது. கால்சியம் கார்பனேட்டை லெவோதைராக்ஸினுடன் சேர்த்து உண்டால் தைராய்டு மருந்து உடலில் சேர்வது குறைகிறது. தடுப்பது கால்சியமே. வைட்டமின் டி மட்டும் உள்ள மாத்திரையில் இந்தச் சிக்கல் அவ்வாறில்லை. ஆனால் கடைகளில் கிடைக்கும் பல மாத்திரைகளில் இரண்டும் கலந்தே இருக்கும். ஆகவே அட்டையைப் படித்துப் பார்ப்பது கடமை. கால்சியத்துக்கும் தைராய்டு மருந்துக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரைக்கும் இதே விதிதான். கூட்டு வைட்டமின்களில் உள்ள பயோட்டின், தைராய்டு பரிசோதனையின் முடிவையே தவறாகக் காட்டக்கூடும். ஆதலால் அதை உண்பவர் இரத்தம் கொடுக்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அளவிலும் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். 40 யூனிட் என்பது 1 மைக்ரோகிராம். 2010இன் இறுதியில் அமெரிக்க மருத்துவ வல்லுநர் குழுவொன்று, 70 வயதுக்குட்பட்ட பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் போதுமென்றும், மருத்துவக் கண்காணிப்பின்றி 4,000 யூனிட்டைத் தாண்டலாகாதென்றும் வகுத்தது. நம் நாட்டில் பெருவழக்காக இருப்பதோ 60,000 யூனிட் மாத்திரை. குறைபாடு உள்ளவர்க்கு வாரம் ஒருமுறை, சில வாரங்களுக்கு மட்டும் தரப்படுவது அது. அதை அன்றாடம் உண்பதும், பரிசோதனையின்றி மாதக்கணக்கில் தொடர்வதும், பக்கத்து வீட்டாரின் சீட்டைப் பார்த்து வாங்குவதும் 1940களின் பிழையை நம் வீட்டில் மீண்டும் செய்வதாகும்.

தைராய்டு நோயாளிக்கு இங்கே தனியானதோர் ஆபத்துண்டு. இரத்தத்தில் கால்சியம் மிகுந்தால் சோர்வு, மலச்சிக்கல், மனக்குழப்பம் வரும். தைராய்டு குறைவின் அடையாளங்களும் இவையே. நோய் கூடிவிட்டதென எண்ணி, உண்மையில் மாத்திரை மிகுந்துபோனதைக் காணாமல் விட நேரிடும். மிகுந்த தாகமும், குமட்டலும், அடிக்கடி சிறுநீர் கழித்தலும் சேர்ந்தால் உடனே மருத்துவரை நாட வேண்டும். தைராய்டு மிகையாகச் சுரப்பவருக்கு முன்னரே கால்சியம் உயர்ந்திருக்கக்கூடும். அறுவை சிகிச்சையில் தைராய்டை அகற்றியவருக்கோ அருகிலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டு, வேறு வகை வைட்டமின் டி தேவைப்படலாம். ஒருவரின் சீட்டு இன்னொருவருக்கு ஆகாது. வைட்டமின் டி உண்டால் தைராய்டு மருந்தை நிறுத்திவிடலாம் என்னும் பேச்சுக்கும் ஆதாரமில்லை.

ரமளானில் இந்த நேரக் கணக்கு இன்னும் நெருக்கமாகிறது. பெரும்பாலோர்க்கு எளிய வழி, ஸஹர் உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக எழுந்து, வெறும் வயிற்றில் தண்ணீருடன் தைராய்டு மாத்திரையை உண்பதாகும். கால்சியத்தையும் வைட்டமின் டியையும் இஃப்தாருக்குப் பிந்திய உணவோடு சேர்த்துக்கொள்ளலாம். உணவிலுள்ள கொழுப்பு வைட்டமின் டி உடலில் சேர உதவும். இடைவெளியும் தானாகவே அமைந்துவிடும். மாற்றம் செய்யுமுன் நோன்பு வருவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நலம்.

அன்புச் சகோதர சகோதரிகளே! நம் உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். குறைபாட்டை அலட்சியம் செய்வதும், மருந்தை அளவின்றி உண்பதும் அந்த அமானிதத்தைப் பேணத் தவறுவதே. இன்றே நம் தாயாரின் மாத்திரை டப்பாவைத் திறந்து, எது அன்றாடம், எது வாரம் ஒருமுறை, எதற்கும் எதற்கும் இடையே எத்தனை மணி நேரம் என்பதை ஒரு தாளில் எழுதி ஒட்டுவோம். பிணியுற்ற அனைவருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.