பெரும்பான்மையை எண்ணும் இடம்

பல கட்சிகள் கூடி அமைக்கும் மந்திரிசபை யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது? நமது அரசியல் சட்டத்தின் 164-ஆவது விதி இதற்கு விடை கூறுகிறது. ஒரு ராஜ்யத்தின் மந்திரிகள் அனைவரும் கூட்டாகச் சட்டசபைக்கே பொறுப்புடையவர்கள். விதி எளிது, அதை நிலைநாட்டுவதோ எளிதன்று. நம்மவர் பலர் குடியேறி வாழும் கர்நாடகத்தின் சரித்திரமே இதற்குச் சான்று. பெங்களூரில் அல்சூரை அடுத்த ஜோகுபாளையத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் நிற்கிறது விதான சௌதா. அங்கே எழுந்த ஒரு வழக்கு, இன்று நாடு முழுவதற்கும் நெறி வகுத்திருக்கிறது.

1988-இல் எஸ். ஆர். பொம்மை முதல் மந்திரியானார். 1989 ஏப்ரலில், 19 அங்கத்தினர்கள் ஆதரவை விலக்கிக்கொண்டதாகக் கடிதங்கள் கவர்னர் வெங்கடசுப்பையாவிடம் தரப்பட்டன. அவர்களுள் எழுவர், தாங்கள் மந்திரிசபையையே ஆதரிப்பதாகப் பின்னர் தெரிவித்தனர். சபையைக் கூட்டினால் பலத்தை அங்கேயே நிரூபிப்பதாகப் பொம்மை கூறினார். சபை கூட்டப்படவில்லை. ஏப்ரல் 21 அன்று ஜனாதிபதி ஆட்சி பிரகடனமாயிற்று.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1994 மார்ச் 11 அன்று, ஒன்பது நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட் பெஞ்சு தீர்ப்பளித்தது. மந்திரிசபையின் பலம் ஒரு தனி மனிதரின் அபிப்பிராயத்தைப் பொறுத்ததன்று. சபையின் வாக்கெடுப்பே அதற்கு உரைகல் என்பது அத்தீர்ப்பின் சாரம். கர்நாடகப் பிரகடனம் செல்லாதென்றும் முடிவாயிற்று. ஆயினும் அதற்குள் வேறு சபையே தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டது. நீதி கிடைத்தது; இழந்த பதவி மீளவில்லை.

கூட்டணிக் காலத்தில் இந்நெறியின் அருமை மேலும் விளங்கிற்று. 2006-இல் மதச்சார்பற்ற ஜனதா தளமும் பாரதிய ஜனதாவும் தலைக்கு இருபது மாதம் ஆள உடன்பட்டன. தலைவர்கள் தமக்குள் செய்துகொண்ட அந்த ஏற்பாடு 2007-இல் முறிந்தது. 2018-இல் எடியூரப்பாவுக்குக் கவர்னர் அளித்த பதினைந்து நாள் அவகாசத்தைச் சுப்ரீம் கோர்ட் சுருக்கி, மே 19 அன்றே வாக்கெடுப்பு நடத்தப் பணித்தது; அவர் வாக்கெடுப்புக்கு முன்பே ராஜிநாமாச் செய்தார். பின்னர் காங்கிரஸுடன் கூடி ஆண்ட குமாரசாமியின் மந்திரிசபை, 2019 ஜூலை 23 அன்று 99-க்கு 105 என்ற கணக்கில் சபையிலேயே வீழ்ந்தது. தகுதி நீக்கப்பட்டவர்களின் 15 தொகுதிகளில் டிசம்பரில் இடைத்தேர்தல் நடந்தது. பன்னிரண்டைப் பாரதிய ஜனதா வென்றது. கட்சி மாறியவர்களை ஏற்பதா, தள்ளுவதா என்பதை இறுதியில் வாக்காளரே தீர்மானித்தனர்.

கூட்டணி நிலைக்கலாம், குலையலாம். எவர் எப்பக்கம் நின்றார் என்பது மட்டும் மறைவிடத்தில் முடிவாகலாகாது; மக்கள் காணச் சபையில் பதிவாக வேண்டும்.

தாயகம் விட்டு வாழும் நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. சென்னைக் கோட்டைச் செய்திகளை ஆவலோடு கேட்கும் நாம், நம்மை ஆளும் மந்திரிசபை நாம் வாழும் மாநிலத்தின் சபைக்கே பதில் சொல்கிறது என்பதை மறத்தலாகாது. அங்குள்ள வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இருந்தாலன்றி, அந்தக் கணக்கில் நமக்குப் பங்கில்லை.