ஒத்திகை பாராத ஓட்டங்கள்

புத்தூர்ச் சந்தியில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. ஆனால் வடமராட்சிக் கரையை விட்டு ஓடிவருவோர் வல்லை வெளியைத் தாண்டினால் அவரங்கால், அதையடுத்துப் புத்தூர். ஆகவே ஆழிப்பேரலை ஒத்திகை எமக்கும் உரிய விடயமே.

இலங்கைக்கு ஒத்திகை புதிதன்று. 1942இல் சிவில் பாதுகாப்பு ஆணையாளராக இருந்த ஒலிவர் குணதிலக்கவின் பொறுப்பில் சங்கொலியும் விளக்கணைப்பும் பழக்கப்படுத்தப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின.

எங்கள் தலைமுறைக்கு ஒத்திகை கற்பித்தது யுத்தம். விமான இரைச்சல் கேட்டதும் பங்கருக்குள் இறங்கவும், நேரமில்லையெனில் குப்புறப் படுக்கவும் பள்ளிப் பிள்ளைகளே அறிந்திருந்தனர். எனினும் 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது எந்தப் பழக்கமும் உதவவில்லை. இலட்சக்கணக்கானோர் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்தனர்.

குண்டுக்குப் பதுங்கத் தெரிந்த மக்களுக்குக் கடலைப் பற்றி எவரும் சொல்லியிருக்கவில்லை. 2004 டிசெம்பர் 26 காலை 6.58க்குச் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது. அலை கிழக்குக் கரையை எட்ட ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தது. அந்த அவகாசம் வீணாயிற்று. மணற்காடும் உடுத்துறையும் அழிந்தன. நாடெங்கும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அதன்வழி அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. 2009 ஒக்டோபர் 14இல் யுனெஸ்கோவின் கடலியல் ஆணைக்குழு, 2004இன் அதே நிலநடுக்கத்தைக் கற்பனையாக வைத்து, இந்து சமுத்திர நாடுகளுக்கான முதலாவது பெரும் ஒத்திகையை நடத்தியது. 2012 ஏப்ரல் 11இல் மெய்யாகவே 8.6 அளவில் கடலடி அதிர்ந்தது. கரையோர மக்கள் வெளியேறினர். பேரலை வரவில்லை, நிலத்தட்டுகள் மேல்கீழாக அன்றிப் பக்கவாட்டில் நகர்ந்ததே காரணம்.

இவ்வகை ஒத்திகைகளில் எனக்கொரு குறை உண்டு. செய்தி அலுவலகத்தை எட்டிய நேரம் குறிக்கப்படுகிறது; கரையோரத்தார் ஓடிய நேரம் அளக்கப்படுகிறது. ஓடிவருபவர்களை ஏற்கும் ஊர்கள் பழக்கப்படுவதில்லை. நள்ளிரவில் பாடசாலை மண்டபத்தின் திறப்பு யாரிடம்? காயப்பட்டவரைத் தூக்கப் பழகிய இளைஞர் எத்தனை பேர்? தண்ணீருக்கு என்ன வழி? அருகிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். குடாநாட்டுச் சுண்ணக்கல்லின் இயல்பு அது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். ஆயிரம் பேர் ஒரே நாளில் வந்திறங்கினால் எந்தக் கிணற்றில் எவ்வளவு இறைக்கலாம் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைக்க வேண்டியிருக்கிறது.