ஒரு சொல்லும் நான்கு இமாம்களும்



அல்குர்ஆனின் ஒவ்வொரு வசனத்தையும் முன்னோர் அனைவரும் ஒரே விதமாகவே விளங்கியிருப்பர் என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். ஆகவே, வேறொரு விளக்கத்தைக் கேட்டவுடன் கூறியவரின் ஈமானையே சந்தேகிக்கத் துணிகின்றோம். தந்தையின் தொழுகையில் மகன் குறைகாண்பதும், மகனை வழிதவறியவன் எனத் தந்தை ஒதுக்குவதும் நம் இல்லங்கள் சிலவற்றில் நிகழ்கின்றன. எனவே, ஒரேயொரு குர்ஆனியச் சொல்லின் வரலாற்றை உங்கள் முன் வைக்கின்றோம்.

ஸூரத்துல் மாஇதாவின் 6ஆம் வசனம் வுழூவையும் தயம்முமையும் கற்பிக்கின்றது. பெண்களைத் தீண்டுதல் என்று பொருள்படும் 'லாமஸ்தும்' எனும் சொல் அதில் இடம்பெறுகின்றது. ஸூரத்துன் நிஸாவின் 43ஆம் வசனத்திலும் அச்சொல் உண்டு. அது கையால் தொடுவதைக் குறிக்கின்றதா? அல்லது இல்லறத் தொடர்பை மறைபொருளாகச் சுட்டுகின்றதா? ஸஹாபாக்களின் காலத்திலேயே இவ்வினா எழுந்துவிட்டது.

இப்னு மஸ்ஊத் (ரழி), இப்னு உமர் (ரழி) ஆகியோர் கையால் தீண்டுவதும் இதில் அடங்கும் என்றனர். இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களோ இல்லறத் தொடர்பே கருதப்படுகின்றது என்றார்கள். அரபிகள் சிலரும் அரபியரல்லாத மவாலிகள் சிலரும் இதுபற்றி வாதிட்டதை அவர்களின் மாணவர் ஸஈத் இப்னு ஜுபைர் (ரஹ்) அறிவிக்கின்றார். தீர்வு தேடி ஆசிரியரிடம் அவர் சென்றபோது, "நீர் எத்தரப்பில் நின்றீர்?" என்ற கருத்தில் அவர்கள் வினவினார்கள். மவாலிகளின் தரப்பில் என்றதும், அத்தரப்பே தோற்றது எனக் கூறி விளக்கமளித்தார்கள். ஹிஜ்ரி 310இல் மறைந்த இமாம் தபரீ (ரஹ்) தமது தப்ஸீரில் இதனைப் பதிந்துள்ளார். அவர் இரு கருத்துக்களையும் அறிவிப்பாளர் தொடருடன் எழுதிய பின்னரே, இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் கருத்தைத் தெரிவு செய்தார்.

இமாம்களும் இவ்வாறே வேறுபட்டனர். மனைவியைத் தொட்டாலும் வுழூ முறியும் என்பது இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் முடிவு. வெறும் தொடுதலால் முறியாது என்றார் இமாம் அபூஹனீபா (ரஹ்). இச்சையோடு தொட்டால் முறியும் என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் கருத்து. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் மத்ஹபிலும் இதுவே பிரபலமானது. ஹம்ஸா, கிஸாஈ ஆகிய காரிகள் இச்சொல்லை 'லமஸ்தும்' என ஓதியமை ஷாபிஈகளுக்கு வலுச் சேர்த்தது. நபி (ஸல்) அவர்கள் ஸுஜூதின்போது ஆயிஷா (ரழி) அவர்களின் காலைத் தொட்டதாக வரும் ஹதீஸ் ஹனபிகளின் ஆதாரமாயிற்று. எவரும் மனோ இச்சைப்படி பேசவில்லை.

ஆயினும், பிற்காலத்தவர் அனைவரும் இப்பண்பைப் பேணினார்கள் என்று கூறவியலாது. பாரசீகத்தின் ரை நகரில் மத்ஹபுச் சண்டைகள் மூண்டன. ஹிஜ்ரி 617இல் அவ்வழியே சென்ற யாகூத் அல்ஹமவீ (ரஹ்), அந்நகரின் பெரும்பகுதி பாழடைந்து கிடக்கக் கண்டார். இச்சண்டைகளே காரணம் எனக் கேட்டறிந்து எழுதிவைத்தார். புனித கஃபாவைச் சுற்றியும் நான்கு மத்ஹபினருக்கும் தனித்தனி இமாம்கள் தொழுவித்த காலம் ஒன்றிருந்தது. 1920களிலேயே அங்கு ஒரே இமாமின் பின் தொழும் நிலை ஏற்பட்டது.

இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் ஷாபிஈ மத்ஹபினர். எனினும் நம் ஹாஜிகளில் பலர், தவாபின் சனநெரிசலில் இவ்விடயத்தில் மற்றைய இமாம்களின் விளக்கத்தைப் பின்பற்றுகின்றனர். கஃபாவின் முன்னிலையில் நமக்கு இலேசாக அமையும் அதே விளக்கம், ஊர்ப் பள்ளிவாசலில் மட்டும் பகைக்குக் காரணமாகலாமா?

கலீபா உஸ்மான் (ரழி) அவர்கள் மினாவில் சுருக்காது நான்கு ரக்அத்துகள் தொழுவித்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களுக்கு அதில் உடன்பாடில்லை. அதனை வெளிப்படையாகவே கூறினார்கள். எனினும், பிளவு தீங்கானது என்றுரைத்து கலீபாவின் பின்னேயே நான்கு ரக்அத்துகள் தொழுதார்கள்.

இளைஞர்களே! நீங்கள் கற்ற ஆதாரத்தைப் பணிவோடு கூறுங்கள். பெற்றோர்களே! பிள்ளைகளின் வினாக்களுக்குச் செவிசாயுங்கள். கருத்து வேறுபட்டாலும், நாளைய ஸுப்ஹுத் தொழுகையில் தந்தையும் மகனும் ஒரே ஸப்பில் நிற்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை ஒன்றிணைப்பானாக! ஆமீன்.